‘ஏழை விவசாயி’: இதில் ‘ஏழை’ பெயரா, பெயரடையா?

குறியிடுபவள்:

எல்லோருக்கும் வணக்கம். நாளிதழ்ச் செய்திகளை எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் இது பெயர், இது வினை, இது பெயரடை என்று குறி போடும் வேலையில் இருக்கிறேன். கணினிக்குத் தமிழ் பழக்குவதற்கான தரவு. குழுவில் நாங்கள் நான்கு பேர். பெயருக்கும் வினைக்கும் இடையே எங்களுக்குள் சண்டை வருவதே இல்லை. வருணிக்கும் சொல் வந்தால்தான் ஆளுக்கொரு குறி விழுகிறது. இப்போது முடிவாகாமல் கிடப்பவை:

ஏழை விவசாயி கடன் கேட்டார்.
சிவப்புச் சேலை கட்டியிருந்தார்.
இளம் எழுத்தாளர் ஒருவர் பேசினார்.
எளிய மக்களுக்கு நல்லது நடக்கட்டும்.
பச்சைத் தண்ணீரில் குளித்தான்.

‘ஏழை’ பெயரடை என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். விவசாயி எப்படிப்பட்டவர் என்று அது காட்டுகிறதாம். ‘ஏழைக்கு உதவு’ என்கிறோமே, பெயராக இல்லாவிட்டால் ‘கு’ எப்படி ஒட்டும் என்று இன்னொருவர் கேட்கிறார். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. எதை வைத்துத் தீர்ப்பது, பொருளை வைத்தா, வடிவத்தை வைத்தா?

ஆறாம்வகுப்பு டீச்சர்:

பொருளை வைத்து இறங்கினால் கரையேற முடியாதும்மா. ‘எப்படிப்பட்ட’ என்று கேள்வி கேள், விடையாக வருவது பெயரடை என்று ஆங்கில வகுப்பில் சொல்லித் தருவார்கள். அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால், ‘எப்படிப்பட்ட பெட்டி? மரப்பெட்டி’ என்று மரமும் பெயரடை ஆகிவிடும்.

என் வகுப்பில் நான் செய்வது ஒன்றுதான். உருபைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். ஏழையை, ஏழைக்கு, ஏழையால். சிவப்பை, சிவப்புக்கு. அழகை, அழகுக்கு. எதுவும் இடறவில்லை. இப்போது ‘நல்ல’ என்பதோடு ‘ஐ’ சேர் என்றால் பிள்ளைகள் தாமாகவே ‘நல்லதை’ என்றோ ‘நல்லவனை’ என்றோ சொல்கிறார்கள். ‘பெரிய’ என்றால் ‘பெரியதை’, ‘பெரியவரை’. இடையில் ஒரு ‘அது’வோ ‘அவர்’ஓ நுழையாமல் அவர்களால் சொல்லவே முடிவதில்லை. நான் அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை, அவர்கள் நாக்குக்கே தெரிந்திருக்கிறது. அந்தத் துணை இல்லாமல் உருபு ஏறினால் பெயர், துணை கேட்டால் பெயரடை. உங்கள் ‘ஏழை’ பெயர்.

குறியிடுபவள்:

நன்றி டீச்சர். ‘மிக’ போட்டுப் பார்த்தால் பெயரடை தெரிந்துவிடும் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். மிக நல்ல, மிகப் பெரிய. அது சரிவருமா?

ஆறாம்வகுப்பு டீச்சர்:

வராது. ‘அவள் மிக அழகு’, ‘அவர் ரொம்ப ஏழை’ என்றும்தான் சொல்கிறோம். அங்கே அழகும் ஏழையும் பெயர்களே. கூடக் குறைய இருக்கக்கூடிய பண்பா என்பதை ‘மிக’ காட்டும், அவ்வளவுதான். ‘ரொம்ப மரம்’ என்றால் நிறைய மரம் என்றுதானே பொருள்?

நன்னூல்நேசன்:

கேள்வியின் அடிப்படையிலேயே எனக்கு ஒரு மறுப்பு உண்டு. பெயரடை என்ற தனி வகை நம் மரபிலக்கணத்தில் கிடையாது. ‘சொல் எனப்படுப பெயரே வினையே என்று ஆயிரண்டு என்ப அறிந்திசினோரே’ என்கிறது தொல்காப்பியம். மிஞ்சிய இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவற்றைச் சார்ந்து வருபவை. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தியாரும் இந்த நான்கோடுதான் நிற்கிறார். பண்பைக் குறிக்கும் சொல்லுக்கு அந்த வீட்டிலேயே இடம் இருக்கிறது. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்ற பெயர்வகை ஆறில் குணமும் ஒன்று.

உங்கள் வாக்கியங்களுக்கு வருகிறேன். ‘ஏழை விவசாயி’ என்பது ஏழையாகிய விவசாயி. ஒரே ஆளை இரண்டு பெயர்கள் சுட்டுகின்றன. ‘பண்பை விளக்கும் மொழி தொக்கனவும் ஒருபொருட்கு இருபெயர் வந்தவும் குணத்தொகை’ என்று, பண்புத்தொகையைப் பற்றி நன்னூல் சொல்லும் இரண்டாவது வகை அது. ‘சிவப்புச் சேலை’ முதல் வகை. ‘இளம்’ என்பது ‘இளமை’யின் ஈறு போய் நின்றது, அதுவும் பண்புத்தொகை. ‘எளிய’ காலம் காட்டாமல் பெயரைத் தழுவும் குறிப்புப் பெயரெச்சம். ‘நல்லது’ வினைவடிவமே பெயராக நிற்கும் வினையாலணையும் பெயர். ஐந்து வாக்கியங்களிலும் பெயரடை என்று ஒன்றைப் புதிதாகப் படைக்கத் தேவையே எழவில்லை.

சொல்வலை:

ஐயா சொல்லும் பகுப்பை மதிக்கிறேன். ஆனால் ‘நல்ல’, ‘பெரிய’ இரண்டையும் பெயரெச்சம் என்று வினைக் கணக்கில் சேர்த்தால் இன்றைய தமிழுக்கு அது பொருந்தவில்லை. ‘வந்த’ என்பதைப் பாருங்கள். வந்த, வருகிற, வரும், வராத என்று நான்கு முகம் அதற்கு. ‘பெரிய’ என்பதற்கு ஒரே முகம்தான். இறந்தகாலம் கிடையாது, எதிர்காலம் கிடையாது, எதிர்மறை வேண்டுமானால் ‘பெரியதல்லாத’ என்று வேறு சொல்லைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வினைக்குரிய எதையும் செய்யாத சொல்லை வினை என்று கணினியிடம் சொன்னால், அது ‘பெரிய’வுக்கு எதிர்மறையைத் தேடிக்கொண்டிருக்கும். பெயர் என்றும் சொல்ல முடியாது, டீச்சர் காட்டியதுபோல் உருபு ஏறாது. இரண்டு வீட்டிலும் சேராததற்கு மூன்றாவது ஒரு பெயர் வேண்டித்தான் இருக்கிறது. 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ‘பெ.அ.’ (பெயரடை) என்று குறி போட்டதை அப்படித்தான் பார்க்கிறேன்.

அதே சமயம், எதிர்ப்பக்கம் போய் வருணிக்கிற எல்லாவற்றையும் பெயரடை ஆக்கிவிடவும் கூடாது. 1856-இல் கால்டுவெல் திராவிட மொழிகளை ஒப்பிட்டு எழுதியபோதே, இம்மொழிகளில் அடையாக நிற்பவை பெரும்பாலும் பண்புப் பெயர்களும் பெயரெச்சங்களும்தான் என்று கவனித்திருக்கிறார். உண்மையான பெயரடைகள் ஒரு கைப்பிடிதான்: நல்ல, பெரிய, சிறிய, சின்ன, புதிய, பழைய, இனிய, கொடிய, அரிய, எளிய, கரிய, இளைய, இவற்றின் உறவுகள் சில.

மெய்ப்புமேசை:

பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் பிழைப்பு. இந்த வேறுபாடு எனக்குப் புத்தகச் சமாசாரம் அல்ல. ஒற்று போடுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு பக்கத்திலும் முடிவெடுக்க வைப்பதே இதுதான்.

இரண்டு சட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நீலச் சட்டை’, ‘கரிய சட்டை’. இரண்டிலும் முதல் சொல் அகரத்தில் முடிகிறது. இரண்டிலும் அடுத்து வருவது அதே ‘சட்டை’. ஆனாலும் ஒன்றில் ‘ச்’ வருகிறது, மற்றதில் வரவில்லை. ஓசை காரணமாக இருந்தால் இரண்டும் ஒன்றுபோல நடந்திருக்க வேண்டும். ‘நீல’ என்பது ‘நீலம்’ என்ற பெயர், மகரத்தை இழந்து நிற்கிறது. மவ்வீறு ஒற்றழிந்து உயிரீறு போல ஆகும் என்று நன்னூல் சொல்வது இதைத்தான். பெயரும் பெயரும் சேர்ந்ததால் வல்லினம் மிகுந்தது. ‘கரிய’ பெயர் அல்ல, அதன் பின் மிகாது. பெரிய கடை, சிறிய பெட்டி, நல்ல பையன், பழைய துணி, இனிய பாடல், கொடிய பாம்பு, எதிலும் ஒற்று இல்லை. வட்டத் தட்டு, சதுரக் கல், மரப்பெட்டி, வெள்ளைத் தாள், ஏழைச் சிறுவன், எல்லாவற்றிலும் உண்டு.

அதனால் ‘ஏழைப் பெண்’ என்று ‘ப்’ போட்டு எழுதும்போதே அது பெயர் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறோம். குழுவில் பெயரடை என்று வாதிடும் இருவரும் ‘ஏழை பெண்’ என்றா எழுதுகிறார்கள்?

நாளிதழில் தினம் அடிபடும் தொடர் ஒன்று இருக்கிறது: ‘ஏழை எளிய மக்கள்’. ஒரே மக்களுக்கு இரண்டு வருணனை, பக்கத்தில் பக்கத்தில். இப்போது ‘மக்கள்’ என்பதை எடுத்துவிடுங்கள். ‘ஏழை எளியவர்’ அல்லது ‘ஏழை எளியோர்’. ‘ஏழை’ இருந்தபடியே நிற்கிறது. ‘எளிய’ மட்டும் ‘அவர்’ஐயோ ‘ஓர்’ஐயோ பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிகிறது. முதலாவது பெயர், அடுத்தது பெயரடை. இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

நன்னூல்நேசன்:

ஒற்றை வைத்து அளப்பதை வரவேற்கிறேன். ஆனால் அதையே கடைசித் தீர்ப்பாக வைக்க வேண்டாம். ‘அழியாப் புகழ்’, ‘ஓடாக் குதிரை’ இவற்றிலும் மிகுகிறது. அவை பெயர் அல்ல, ‘அழியாத’, ‘ஓடாத’ என்பவற்றின் ஈறு போய் நிற்கும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ‘சாலச் சிறந்தது’, ‘தவப் பெரியது’ என்று உரிச்சொல்லின் பின்னும் மிகும். ‘சிவப்புச் சேலை’யில்கூட, ‘சிவப்பு’ வன்தொடர்க் குற்றியலுகரம். எந்த வகைச் சொல்லானாலும் அதன் பின் மிகத்தான் செய்யும். ஆக அந்த ‘ச்’ உங்களுக்குச் சாட்சி சொல்லாது.

மெய்ப்புமேசை:

சரியான எச்சரிக்கை ஐயா. சிவப்புக்கு உருபைத்தான் நம்ப வேண்டும். அதோடு இன்னொன்றும் இருக்கிறது: ‘நல்ல சிவப்பு’ என்கிறோம். சிவப்புக்கு முன்னால் ஒரு பெயரடை வந்து அதைத் தழுவுகிறது என்றால் சிவப்பு பெயர்தான். ‘நல்ல சிவப்புச் சேலை’ என்பதை இரண்டு விதமாகப் பிரிக்க முடிவதும் இதனால்தான். ஆழ்ந்த சிவப்பு நிறத்தில் ஒரு சேலை என்று ஒன்று, தரத்தில் நல்லதான ஒரு சிவப்புச் சேலை என்று மற்றொன்று. ஜவுளிக்கடையில் முதல் பொருளில் கேட்பவர்களும் உண்டு, இரண்டாவது பொருளில் கேட்பவர்களும் உண்டு. குறி போடும்போது ‘நல்ல’ எதைத் தழுவுகிறது என்று வாக்கியத்தைப் பார்த்துக் கோடு இழுங்கள்.

யாழ்வாசகன்:

ஒற்றைப் பற்றின கதை வந்தபடியால் எங்கட பக்கத்திலயிருந்து ஒன்று. யாழ்ப்பாணத்தில பெரியகடையும் இருக்கு, சின்னக்கடையும் இருக்கு. பெரியகடைக்கு ‘க்’ இல்லை, சின்னக்கடைக்கு இருக்கு. ஆக்களின்ர பெயரிலயும் அப்படித்தான்: பெரியதம்பி, நல்லதம்பி, ஆனால் சின்னத்தம்பி. சொல்வலை தந்த கைப்பிடிக்குள்ள ‘சின்ன’வும் கிடக்குது. அது பெயரடை எண்டால் ஏன் மிகுது? ‘சின்னத்தை’ எண்டு உருபும் போடேலாது, ‘சின்னதை’ எண்டுதான் வரும்.

மெய்ப்புமேசை:

அருமையான இடத்தில் கை வைத்தீர்கள் தம்பி. ‘சின்ன’ மட்டும் இரண்டு பக்கமும் காலை வைத்துக்கொண்டிருக்கிறது. உருபில் அது ‘பெரிய’வோடு சேர்கிறது, ஒற்றில் ‘நீல’வோடு. எழுத்திலும் ‘சின்ன பையன்’, ‘சின்னப் பையன்’ இரண்டையும் பார்க்கிறோம். இப்படி இரண்டு சோதனைகள் முரண்படும் இடத்தில் நான் உருபைத்தான் நம்புவேன். உருபு ஏற்பது சொல்லின் தன்மை. ஒற்றில் ஓசைக்கும் பழக்கத்துக்கும் பங்கு இருக்கிறது, ஊர்ப்பெயரிலும் ஆள்பெயரிலும் உறைந்துபோனவையும் இருக்கின்றன. ‘சின்ன’ பெயரடை. அதன் ஒற்று அதற்கே உரிய வழக்கம்.

யாழ்வாசகன்:

விளங்குது அண்ணை. அந்த நாக்குச் சோதனை எங்கட பேச்சில இன்னும் நல்லாத் துலங்கும். அழகுக்கு நாங்கள் ‘வடிவு’ எண்டுதான் சொல்லுறது. ‘பிள்ளை நல்ல வடிவு’, ‘வடிவான பிள்ளை’, ‘வடிவாக் கதைக்கிறாள்’. சொல் ஒண்டுதான், வடிவு எண்ட பெயர். ‘ஆன’ போட்டால் அடை, ‘ஆ’ போட்டால் வினைக்கு அடை. குளிருக்கு ‘சரியான குளிர்’ எண்டுவம். பிழையில்லாத குளிர் எண்டு அர்த்தமில்லை, கடுங்குளிர் எண்டது. அங்க குளிர் பெயர், அதாலதான் ‘சரியான’ முன்னுக்கு வருது.

குறியிடுபவள்:

‘ஆன’ பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். எங்கள் பட்டியலில் ‘எளிய’, ‘எளிமையான’, ‘எளிதான’ மூன்றையும் ஒரே சொல்லின் மூன்று வடிவம் என்று சேர்த்துவிடலாமா என்று யோசனை நடக்கிறது. ‘புதிய’, ‘புதுமையான’ அதுபோலவே. மூன்றும் பெயரடைதானே?

ஆறாம்வகுப்பு டீச்சர்:

சேர்க்காதீர்கள் அம்மா! பிள்ளைகள் கட்டுரை எழுதும்போது நான் திரும்பத் திரும்பத் திருத்துவது இதைத்தான். ‘எளிய மக்கள்’ வசதி வாய்ப்பு இல்லாதவர்கள். ‘எளிமையான மனிதர்’ கோடீஸ்வரராகவும் இருக்கலாம், ஆடம்பரம் இல்லாதவர் என்பதுதான் பொருள். ‘எளிதான கேள்வி’ கஷ்டமில்லாத கேள்வி. ‘எளிதான மக்கள்’ என்று ஒரு பிள்ளை எழுதினால் வாக்கியமே நிற்பதில்லை.

‘புதிய படம்’ இந்த வெள்ளிக்கிழமை வெளிவந்தது. ‘புதுமையான படம்’ என்றால் கதையையோ சொல்லும் முறையையோ வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். இன்று வந்த புதிய படம் அரைத்த மாவையே அரைத்ததாக இருக்கலாம். ஐம்பது வருடத்துக்கு முன்னால் வந்தது புதுமையான படமாக இருக்கலாம். ‘பழைய சட்டை’ கொடியில் தொங்குகிறது. ‘பழமையான சட்டை’ என்றால் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்க வேண்டும். கோயிலுக்குத்தான் ‘பழமையான’ பொருந்தும். ‘அரிய மூலிகை’ தேடினாலும் கிடைக்காதது, ‘அருமையான ரசம்’ தினமும் வீட்டில் வைப்பது.

சொல்வலை:

டீச்சர் கொடுத்த சோடிகளை அடுக்கிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ‘ஆன’ சேர்த்து அடையாக்கும்போது, அந்தப் பெயருக்கு இன்று என்ன பொருளோ அதுவே அடைக்கும் வருகிறது. புதுமை என்ற பெயர் இன்று ‘மாறுபட்ட தன்மை’யைக் குறிப்பதால் ‘புதுமையான’வும் அதையே குறிக்கிறது. ‘புதிய’ அந்தப் பெயர் வழியாக வரவில்லை, ‘புது’ என்ற அடியிலிருந்து நேராக வருகிறது. அதனால் அதன் பொருள் அப்படியே இருக்கிறது.

இதனால்தான் நன்னூல்நேசன் ஐயாவிடம் ஒரு கேள்வி. ‘பெரிய’ என்பது ‘பெருமை’ என்ற பண்புப் பெயரிலிருந்து ஈறு போய், உகரம் இகரமாகி வந்தது என்று பிரிக்கிறோம். ‘பெருமை’க்கு இன்று பெரும்பாலும் கௌரவம், சிறப்பு என்ற பொருள். ‘பெரிய பாத்திரம்’ என்பதில் அந்தப் பொருள் எங்கே?

நன்னூல்நேசன்:

நல்ல கேள்வி. ‘செம்மை சிறுமை சேய்மை தீமை’ என்று தொடங்கும் நூற்பாவில் இவற்றைப் ‘பண்பிற் பகா நிலைப் பதம்’ என்கிறார் பவணந்தியார். அடுத்த நூற்பா ஈறு போதல், இடை உகரம் இய்யாதல், ஆதி நீடல், அடி அகரம் ஐயாதல், தன்னொற்று இரட்டல், முன்நின்ற மெய் திரிதல், இனம் மிகல் என்று மாற்றங்களைச் சொல்கிறது. செம்மையும் தாமரையும் சேர்ந்து செந்தாமரை ஆவதும், பசுமையும் தமிழும் சேர்ந்து பைந்தமிழ் ஆவதும், கருமையிலிருந்து கரியன் வருவதும் இந்த நூற்பாவுக்குள் அடங்கிவிடுகின்றன. எத்தனை நூறு சொற்களை எவ்வளவு சிக்கனமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார் பாருங்கள்! செம்மை, கருமை, வெண்மை, மென்மை என்று பெரும்பாலானவற்றில் பெயரின் பொருளும் அடையின் பொருளும் இன்றைக்கும் ஒட்டித்தான் நிற்கின்றன. ‘பெருமை’, ‘புதுமை’ போன்றவற்றில் பெயரின் பொருள் காலப்போக்கில் ஒதுங்கிப் போயிருக்கிறது. அது பெயருக்கு நேர்ந்த மாற்றம், பிரிப்பு முறையின் குறை என்று நான் கொள்ளவில்லை.

சொல்வலை:

சொல் பிறந்த வழிக்கு உங்கள் பிரிப்பு, இன்று அது நிற்கும் இடத்துக்கு எங்கள் குறி. இந்த இரண்டும் மோத வேண்டியதில்லை ஐயா. ‘இளம் எழுத்தாளர்’ அதற்கு நல்ல உதாரணம். ஈறு போதல், இனம் மிகல் விதிப்படி ‘இளம்பெண்’, ‘இளங்கன்று’, ‘இளந்தளிர்’ வருகின்றன. அடுத்த எழுத்துக்கு ஏற்ப மெல்லினம் மாறுகிறது. ஆனால் உயிரெழுத்துக்கு முன்னால் மகரம் வர அங்கே இனமே இல்லையே. ஆனாலும் இன்று எல்லோரும் ‘இளம் எழுத்தாளர்’, ‘இளம் வீரர்’, ‘இளம் தலைமுறை’ என்று பிரித்து எழுதுகிறார்கள். ‘கடும் எதிர்ப்பு’, ‘பெரும் ஆபத்து’ இவையும் அப்படியே. தொகைக்குள் இருந்த ‘இளம்’ வெளியே வந்து தனிச் சொல்லாக உறைந்துவிட்டது. உருபு ஏற்காது, தனியாக நிற்காது, அடுத்த சொல்லுக்காக மாறவும் மாறாது. அதைப் பெயரடை என்று குறிக்கலாம். ‘இளம்பெண்’ என்று சேர்த்து எழுதியிருந்தால் முழுவதும் ஒரே பெயர்.

இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். நமக்கு வந்து சேரும் பிறமொழிச் சொற்களைக் கவனியுங்கள். ஃப்ரெஷ்ஷான மீன், டைட்டான சட்டை, ஸ்மார்ட்டான பையன். ஆங்கிலத்தில் இவை பெயரடைகள். நாம் அவற்றை அப்படி ஏற்கவில்லை. பெயர்போல நிறுத்தி, ‘ஆன’ போட்டுத்தான் உள்ளே விடுகிறோம். ‘நல்ல, பெரிய’ கூட்டத்தில் புதிதாக எந்தச் சொல்லும் போய்ச் சேர்வதில்லை, அந்தக் கதவு மூடியாயிற்று.

குறியிடுபவள்:

அப்படியானால் ‘ஆன’ என்று முடிவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பெயரடை என்று போடலாமா?

மெய்ப்புமேசை:

கூடாது. ‘ஆன’ என்பது ‘ஆகு’ என்ற வினையின் பெயரெச்சம். பல இடங்களில் அது இன்னும் வினையாகவே வேலை செய்கிறது. ‘அழகான பெண்’, ‘டாக்டரான பெண்’ இரண்டையும் பாருங்கள். இரண்டாவதில் அவர் படித்து டாக்டர் ஆகியிருக்கிறார், ஒரு செயல் நடந்திருக்கிறது. முன்பு ஒதுக்கிய ‘மிக’ இங்கே உதவிக்கு வருகிறது. ‘மிக அழகான பெண்’ சரி. ‘மிக டாக்டரான பெண்’ வராது. மிக ஏற்றால் அடை, ஏற்காவிட்டால் வினை.

உங்கள் ‘ஏழை’யே இதில் மாட்டும். ‘மிகவும் ஏழையான விவசாயி’ என்பது அடை. ‘கடனால் ஏழையான விவசாயி’ என்பது வினை. கடன் வாங்கினார், ஏழை ஆனார். ‘கடனால்’ என்ற காரணம் ‘ஆன’வோடு போய் முடிகிறது. வெறும் பெயரடையோடு அது முடியாது.

ஆறாம்வகுப்பு டீச்சர்:

‘நல்லது’ பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கு ஒரே குறி போட்டு வைத்துவிடாதீர்கள். ‘நல்லது நடக்கட்டும்’ என்பதில் எழுவாய், அதனால் பெயர். ‘இந்த மருந்து நல்லது’ என்பதில் பயனிலை, நன்னூல் வழியில் குறிப்பு வினைமுற்று. பெரியவர்கள் ‘நல்லது, கிளம்புகிறேன்’ என்று விடைபெறும்போது அது ‘சரி’ என்ற சம்மதச் சொல். ‘பழையது’ இதைவிட ஒரு படி மேலே போய்விட்டது. ‘காலையில் பழையது சாப்பிட்டேன்’ என்றால் பழைய சோறு. கேட்பவர் ‘பழைய எது?’ என்று கேட்பதில்லை. அது சோற்றுக்கே பெயராகிவிட்டது.

நன்னூல்நேசன்:

டீச்சர் சொன்னதற்கு ஆதாரமாகத் தொல்காப்பியத்தின் வரி ஒன்று: ‘பெயர்நிலைக் கிளவி காலம் தோன்றா, தொழில்நிலை ஒட்டும் ஒன்று அலங்கடையே.’ பெயர்ச்சொல் காலம் காட்டாது, தொழிலோடு ஒட்டிய ஒரு வகை நீங்கலாக. வினையாலணையும் பெயர் என்று பின்னாளில் நாம் அழைப்பதை அந்த ஒரு வகைக்குள் வைத்துச் சொல்லியிருக்கிறார். ஒரே வடிவம் ஓரிடத்தில் வினையாகவும் இன்னோரிடத்தில் பெயராகவும் நிற்கும் என்பதை அன்றே கவனித்தவர்கள் நம்மவர்கள். உங்கள் தரவில் வாக்கியத்தைப் பார்க்காமல் சொல்லுக்கு மட்டும் குறி போடும் வழக்கம் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

குறியிடுபவள்:

மாற்றுகிறோம் ஐயா. சொல்லுக்கு ஒரு குறி, அது அடுத்த சொல்லோடு வைத்திருக்கும் உறவுக்கு இன்னொரு குறி என்று இரண்டு அடுக்காக வைத்துக்கொள்ள இன்று குழுவில் முடிவாகிவிட்டது. ‘ஏழை விவசாயி’யில் ஏழை பெயர், உறவு அடை. ‘சிவப்பு’ம் அப்படியே. ‘எளிய’ பெயரடை, ‘இளம்’ பெயரடை, ‘நல்லது’ இங்கே பெயர். பெயரடை என்று வாதிட்ட இருவரும், அது அடையாக நிற்பதை உறவுக் குறி சொல்லிவிடுவதால், ஒத்துக்கொண்டார்கள்.

மிச்சம் இருப்பது ‘பச்சைத் தண்ணீர்’. நிறத்தைச் சொல்லும் ‘பச்சை’ பெயர், அதில் சிக்கல் இல்லை. ஆனால் இங்கே நிறம் இல்லை, காய்ச்சாத தண்ணீர். இந்தப் பொருளில் ‘பச்சையை’ என்று உருபு போட முடியவில்லை. ‘பச்சையான தண்ணீர்’ என்றால் பாசி பிடித்த தண்ணீர் ஆகிவிடுகிறது.

சொல்வலை:

எனக்கு இது பெயரடை. இந்தப் பொருளில் உருபு ஏறாது, ‘ஆன’வும் ஒட்டாது. பச்சைக்குழந்தை, பச்சை உடம்பு, பச்சைப் பொய், எதிலும் நிறம் இல்லை, எதையும் ‘பச்சையான’ என்று மாற்றவும் முடியாது.

மெய்ப்புமேசை:

நான் பெயர் என்பேன். ‘கேரட்டைப் பச்சையாகச் சாப்பிடலாம்’ என்கிறோம். காய்ச்சாத, சமைக்காத என்ற அதே பொருள், அதோடு ‘ஆக’ ஒட்டுகிறது. ‘ஆக’ பெயரோடுதான் ஒட்டும். ‘நல்லவாக’, ‘பெரியவாக’ என்று வராது, ‘நல்லதாக’, ‘பெரியதாக’ என்றுதான் வரும். பச்சையிலிருந்து பொருள் கிளைத்திருக்கிறது, சொல்லின் வகை மாறவில்லை. அகராதி தொகுப்பவர் பொருளுக்குப் பொருள் வகை பிரித்துப் பெயரடை என்று போட்டால் அதில் நான் குறை காண மாட்டேன், அவருக்கு அது தேவை. உங்கள் வேலைக்குப் பெயர் என்ற குறியும் அடை என்ற உறவும் போதும்.

யாழ்வாசகன்:

நானும் அண்ணையின்ர பக்கம். எங்கட வீட்டில ‘பச்சைத்தண்ணி’ எண்டு ஒரே மூச்சில சொல்லுவினம், ஒற்று விடுபடவே படாது.

குறியிடுபவள்:

பெயர் என்றே வைத்துக்கொள்கிறேன். சொல்வலை, உங்கள் கருத்தையும் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன், பொருள்வாரியாகப் பிரிக்கும் கட்டம் வரும்போது எடுத்துக்கொள்வோம். இன்றைக்குக் கடைசியாக ஒரு சோடி: ‘கடைசிப் பேருந்து’, ‘அடுத்த பேருந்து’.

ஆறாம்வகுப்பு டீச்சர்:

கடைசியில், கடைசிக்கு. ‘கடைசி’ பெயர், ‘ப்’ போடுங்கள். ‘அடுத்த’ என்பது ‘அடு’ என்ற வினையிலிருந்து வந்த பெயரெச்சம். ஆனால் பேருந்தைச் சொல்லும்போது ‘அடுக்கிற பேருந்து’ என்றோ ‘அடுக்காத பேருந்து’ என்றோ யாரும் சொல்வதில்லை, காலம் கழன்றுவிட்டது. ‘பெரிய’ இருக்கும் பெட்டியில் அதைப் போட்டுவிடுங்கள். ஒற்று வேண்டாம்.